ஆடிக் காற்றில் விழுந்த சுவிட்ச்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். வரிகள் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் வாய்க்கால் போல ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே போகும். எங்கே பெரிய ‘ற’, எங்கே சின்ன ‘ர’ என்பது எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த சம்பந்தம் முடிந்தது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாள்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். தாள் சின்னது, என் எழுத்து பெரியது. வெளியே காற்று தொடங்கிவிட்டதால் ஒவ்வொரு தாளையும் கல் வைத்து அழுத்திக்கொண்டு எழுத வேண்டியிருக்கிறது.

நேரில் சொல்லச் சொன்னால் எனக்கு வராது. நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் சொல்ல வந்தது மறந்துபோகும். என் மகள் இந்தக் கதையை மற்றவர்களிடம் சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவேன். அவள் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறாள். நடந்தது நடந்தபடி ஓரிடத்தில் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் காமயகவுண்டன்பட்டி. எங்கள் தோட்டத்தில் பன்னீர் திராட்சை. கல்தூண் நட்டு, அதன் மேல் கம்பியைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டி, கொடியை அதில் படரவிடுவோம். அதற்குப் பந்தல் கம்பி என்று பெயர். அந்தக் கம்பி இல்லாத வீடு எங்கள் பக்கம் கிடையாது. மிஞ்சிய துண்டுகளைச் சுருட்டிச் சுவரில் மாட்டி வைத்திருப்போம். வாளியின் கைப்பிடி அறுந்தால் பந்தல் கம்பி. கதவுக்குக் கொண்டி இல்லையென்றால் பந்தல் கம்பி. துணி காயப்போடும் கொடியும் பந்தல் கம்பிதான். வீட்டுக்கு மின்சாரம் வந்த பிறகு, ப்யூஸ் போனாலும் பந்தல் கம்பிதான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தக் காலத்தில் மீட்டருக்குப் பக்கத்தில் வெள்ளைப் பீங்கானில் ஒரு கட்டை இருக்கும். அதற்குள் தலைமுடி மாதிரி மெல்லிய கம்பி ஒன்று ஓடும். மின்சாரம் அளவுக்கு மேல் பாய்ந்தால் அந்தக் கம்பி உருகி அறுந்துவிடும். வீடு இருட்டாகும், ஆனால் பிழைத்துக்கொள்ளும். எங்களுக்கு அது பிழைப்பாகத் தெரியவில்லை. சும்மா சும்மா அறுந்து தொல்லை கொடுப்பதாகத்தான் தெரிந்தது. ஒருநாள் என் மனைவியின் தம்பி வந்தார். எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம் அவருடையது. கட்டையைப் பிடுங்கினார், ஆணியில் தொங்கிய பந்தல் கம்பியில் ஒரு துண்டை வெட்டி உள்ளே முறுக்கினார், திரும்பச் செருகினார்.

“மாமா, இனி உங்க பேரன் காலத்துக்கும் இது அறுந்துபோகாது” என்றார்.

அவர் சொன்னபடி அது அறுந்துபோகவில்லை. தெருவில் பல வீடுகளுக்கும் அவரே போய் அப்படிக் கட்டிக் கொடுத்தார். எல்லோரும் அவருக்கு மோர் கொடுத்தார்கள்.

எங்கள் வீட்டின் பின்பக்கம் தகரம் போட்ட ஒரு சாய்ப்பு உண்டு. விறகும் திராட்சைக் கூடைகளும் அங்கே கிடக்கும். அதன் உத்திரத்தில் ஒரு பல்பு. வீட்டுச் சுவரைத் துளைத்து ஒயர் அங்கே போகும். அந்தச் சாய்ப்பின் தகரத்தில் அடித்த ஆணியிலிருந்து தென்னை மரம் வரைக்கும் துணிக்கொடி.

ஆடி மாதத்தில் எங்கள் பள்ளத்தாக்கில் அடிக்கிற காற்றை, வேறு ஊர்க்காரர்கள் ஒரு தடவை வந்து நின்று பார்க்க வேண்டும். மேற்கே மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் மழை பெய்யும். மழையை அங்கேயே வைத்துக்கொண்டு, காற்றை மட்டும் எங்களுக்கு அனுப்புவார்கள். லோயர் கேம்பில் மலையிலிருந்து இறங்கும் பெரிய குழாய்களின் பக்கமிருந்து அது புறப்படும். தென்னை ஓலைகள் எல்லாம் ஒரே திசையில் தலை வாரினதுபோல நிற்கும். கொடிகள் பந்தலோடு சேர்ந்து மேலே எழும்பி மூச்சு விடும். காற்றில் ஈரம் இருக்கும், மழை இருக்காது. எங்கேயோ நடக்கிற கல்யாணத்தின் மேளச் சத்தம் மட்டும் கேட்கிற மாதிரி.

அப்படி ஓர் ஆடியில், மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், என் மனைவி துவைத்த சேலையை அந்தக் கொடியில் விரிக்கப் போனாள். காலடியில் துணி பிழிந்த தண்ணீர். கம்பியைத் தொட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. நான் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் வானத்தில் எதையோ பார்க்கிறாள் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு அம்மாதான் உலக்கையை எடுத்து ஓடிவந்து அவள் கையை அடித்துத் தள்ளினார். சேலை காற்றில் பறந்து தென்னையில் சுற்றிக்கொண்டது.

கையில் கொப்புளம் ஆறிவிட்டது. லைன்மேன் ஒருவர் வந்து பார்த்தார். டெஸ்டரை அங்கங்கே வைத்தார். அந்த நேரத்தில் காற்று ஓய்ந்திருந்தது. “இங்கன ஒண்ணும் இல்லையே” என்றார். கொடியை அவிழ்த்து வேறு பக்கம், ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குக் கட்டினோம். அதோடு எல்லோருக்கும் விஷயம் முடிந்தது.

அவளுக்கு முடியவில்லை. அன்றிலிருந்து அவள் ஒரு சுவிட்சையும் தொடவில்லை. சாய்ப்புக்குள் போக மாட்டாள். விறகு வேண்டுமென்றால் நானோ மகளோ எடுத்துக் கொடுக்க வேண்டும். “அது அங்கனதான் இருக்கு” என்பாள். எது என்று கேட்டால் சாய்ப்பைக் கையால் காட்டுவாள். அவள் தம்பி கேலி செய்வார்.

“ஏக்கா, லைன்மேனே பாத்துட்டு ஒண்ணுமில்லன்னுட்டாரு. நீ என்ன அதுக்கு மேல எஞ்சினியரா?”

“அது பிடிச்சது என் கையத்தானே. லைன்மேன் கையவா பிடிச்சுச்சு?” என்பாள் அவள்.

அவர் சிரித்துக்கொண்டே தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார்.

மகள் வீட்டில் இருந்தவரை இது பெரிதாகத் தெரியவில்லை. பொழுது சாய்ந்ததும் மகள் விளக்கைப் போடுவாள். அந்தச் சாயங்காலங்கள் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கின்றன. தோட்டத்திலிருந்து வாய்க்கால் கரையோடு வருவேன். தண்ணீர் என் கூடவே நடந்து வரும். இந்தத் தண்ணீர்தான் மலைக்குள் துளைத்த வழியாக வந்து, குழாயில் விழுந்து, லோயர் கேம்பில் சக்கரத்தைச் சுற்றிவிட்டு இங்கே வருகிறது என்று சொல்வார்கள். சக்கரத்தில் பிறந்த மின்சாரம் கம்பியில் போகிறது, தண்ணீர் வாய்க்காலில் போகிறது. இரண்டும் ஒரே இடத்தில் புறப்பட்டு, வேறு வேறு வழியில் என் வீட்டுக்கு வந்து சேர்கின்றன. நான் நடந்து வருவதற்குள் மின்சாரம் முந்திப் போய் என் வீட்டு ஜன்னலில் மஞ்சளாக உட்கார்ந்திருக்கும். படிக்காதவனுக்கு இப்படியெல்லாம் தோன்றும். யாரிடமும் சொன்னதில்லை.

மகளை உத்தமபாளையத்தில் கட்டிக் கொடுத்தோம். அதன்பின் நான் கரையோடு வரும்போது, மற்ற வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மஞ்சளாகும். என் வீடு மட்டும் கறுப்பாக நிற்கும். பக்கத்தில் வந்தால் வாசல்படியில் ஒரு சிம்னி விளக்கும், அதற்குப் பின்னால் அவள் முழங்காலும் தெரியும். அறுவடைக் காலத்தில் கம்பத்துக்கு லோடு ஏற்றிவிட்டு வர நேரமாகும். அவள் சிம்னியின் திரியை இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் வந்து சுவிட்சைத் தட்டினால் கண்ணைச் சுருக்குவாள். “வந்துட்டீகளா” என்பாள். அவ்வளவுதான். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டது கிடையாது.

மகள் உண்டானாள். ஏழாம் மாதத்தில், ஆனியில், சம்பந்தி வீட்டில் வளைகாப்பு. வளையல் போட்டு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது எங்கள் வழக்கம். முதல் பிரசவம் தாய்வீட்டில்தான். என் மனைவி அதற்காக வீட்டை வெள்ளையடித்து வைத்திருந்தாள். பழைய சேலைகளைத் துவைத்து மடித்து, குழந்தையைத் தாங்க மெத்தை மாதிரி தைத்து வைத்திருந்தாள். மஞ்சள் இடித்து வைத்திருந்தாள்.

கிளம்பும்போது சம்பந்தியம்மா சொன்னார்கள். கெட்ட மனுஷி இல்லை. நேராகப் பேசுகிறவர்கள்.

“நான் சொல்றேன்னு வருத்தப்படாதீக. அங்கன வந்தப்ப பாத்தேன். பொழுது அடையிற நேரத்துல சிம்னிய வச்சுக்கிட்டு உக்காந்திருந்தீக. பச்சப்புள்ளக்காரி இருக்கிற வீட்டுல பொசுக்குனு வெளிச்சம் வேணும். புள்ள பாலு கக்குனா, பூச்சி பொட்டு வந்தா, சுவிட்சத் தட்ட ஆம்பளய எழுப்பிக்கிட்டா இருப்பீக? அந்த மண்ணெண்ண விளக்கு தொட்டில்கிட்ட சாஞ்சா என்ன ஆகுறது? பிரசவம் இங்கனயே ஆகட்டும்.”

“அத்தை...” என்று என் மகள் ஏதோ சொல்ல வந்தாள்.

“இல்லத்தா. நீ சும்மா இரு. அம்மா சுவிட்சத் தொடுறேன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். நானே கொண்டாந்து விட்டுட்டுப் போறேன்.”

எல்லோரும் என் மனைவியைப் பார்த்தார்கள். அவள் தன் கையைப் பார்த்தாள். வளைகாப்பில் அவள் கையிலும் வளையல் அடுக்கியிருந்தார்கள். பொய் சொல்ல அவளுக்கு வராது.

நாங்கள் இருவரும் மட்டும் திரும்பினோம். பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம். மடியில் கலந்த சாதக் கூடை. பஸ் குலுங்கும்போதெல்லாம் வளையல்கள் சத்தம் போட்டன. அவள் மற்றக் கையால் அவற்றைப் பிடித்துச் சத்தத்தை அடக்கிக்கொண்டே வந்தாள். வெளியே நெல் வயல்கள் பச்சையாகப் பின்னால் ஓடின. இறங்கும் இடம் வந்தபோதுதான் பேசினாள்.

“நான் பெத்தவ. எம் புள்ள வலியெடுத்துக் கத்துறப்ப நான் அடுத்த வீட்டு விருந்தாளி மாதிரி ஓரமா நிக்கணுமா?”

அப்போது எனக்கு ஒரு ஞாபகம் வந்தது.

அதற்கு முந்தின வருடம் குமுளிக்குத் திராட்சை லோடோடு ஜீப்பில் போனபோது, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் ஒன்றில் இறக்கினோம். அங்கே சுவரில் பீங்கான் கட்டை இல்லை. கறுப்பாக, தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்தது போல, சின்னச் சின்ன சுவிட்சுகள் வரிசையாக இருந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று ‘டப்’பென்று தானாகக் கீழே விழுந்தது. நான் பின்னால் நகர்ந்தேன். அங்கிருந்த மலையாளத்துக்காரர் சிரித்தார். “பேடிக்கண்டா” என்றார். பயப்பட வேண்டாம் என்று அர்த்தம். ஒரு மிஷினின் ஒயரைக் கழற்றிவிட்டு வந்து, விரலால் அதை மேலே தள்ளினார். நின்றுகொண்டது. “எங்கேயாவது தப்பு நடந்தா இது தானே விழுந்துடும்” என்று தமிழில் சொன்னார். அதன் பெயர் பிரேக்கர்.

கம்பத்தில் ஒரு பாயின் எலக்ட்ரிக் கடை உண்டு. சாமானும் விற்பார், வீட்டுக்கு வந்து வேலையும் செய்வார். அவரிடம் போய்ப் பிரேக்கர் ஒன்று வேண்டும் என்று கேட்க முடிவு செய்தேன். முடிவு செய்வது எளிது. கடையில் எப்போதும் ஆட்கள். மோட்டார் வைத்திருக்கிற பெரிய தோட்டக்காரர்கள் சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் போய் நிற்பேன். அந்தச் சாமானின் பெயர் எனக்குச் சரியாகச் சொல்ல வருமா என்று யோசிப்பேன். “என்ன மாப்ள வேணும்?” என்று பாய் கேட்பார். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

“ஒரு பல்பு” என்பேன்.

அடுத்த சந்தைக்குப் போவேன். திரும்பவும் ஒரு பல்பு. அதற்கடுத்தும் அப்படியே. வீட்டில் மர அலமாரியில் பல்புகள் சேர்ந்துகொண்டே போயின. என் மனைவி ஒருநாள் அலமாரியைத் திறந்தாள்.

“என்ன, பல்புக் கடை வைக்கப் போறீகளா? எரியிற பல்பப் போடவே இங்கன ஆள் இல்ல.”

சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே உறைத்து, அலமாரியை மெதுவாக மூடினாள்.

அடுத்த தடவை பாய் பல்பை எடுக்காமல் என் முகத்தைப் பார்த்தார். கடையில் கூட்டம் இருந்தது. அவர் கல்லாவை விட்டு இறங்கி வெளியே வந்து, மரத்தடியில் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்றுகொண்டு, “வீட்டுல என்ன மாப்ள பிரச்சன?” என்றார்.

மரத்தடியில் அவர் ஒருவர்தான் இருந்தார். எனக்குப் பேச்சு வந்தது. துணிக்கொடியில் ஆரம்பித்து, வளையல் சத்தம் வரைக்கும் சொல்லிவிட்டேன். அவர் குறுக்கே பேசவில்லை. கடைசியில் ஒன்றுதான் கேட்டார்.

“தங்கச்சி அன்னைக்குப் பிடிச்சு நின்னப்ப ப்யூஸ் போகலையா?”

“இல்ல பாய். அதுல பந்தல் கம்பி.”

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பாய் வருகிற அன்று மைத்துனரும் வந்துவிட்டார். தன் கைவேலையைப் பிடுங்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார்.

“ஆடியில யாராச்சும் புதுசா ஒண்ண வைப்பாகளா பாய்? ஆவணி பொறக்கட்டும்” என்றார்.

“கரண்டு ஆடி மாசம் ஷாக் அடிக்காம லீவு எடுத்துக்கிருமா மாப்ள? நீங்க அந்தக் குறட்ட எடுங்க” என்றார் பாய்.

முதலில் அவர் சுவர்ப் பலகையைத் தொடவே இல்லை. பின்பக்கம் குழி தோண்டச் சொன்னார். ஆழமாகத் தோண்டினோம். அதில் நீளமான இரும்புக் குழாயை நிறுத்தி, சுற்றிலும் ஒரு வரிசை கரி, ஒரு வரிசை கல் உப்பு என்று மாற்றி மாற்றிப் போட்டு மூடினோம். குழாயின் வாய் மட்டும் மண்ணுக்கு மேல் நின்றது. அங்கிருந்து ஒரு தடித்த கம்பியை வீட்டுக்கும், சாய்ப்பின் தகரத்துக்கும் இழுத்தார்.

என் மனைவி அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பாய் அவளிடம் சொன்னார்:

“தங்கச்சி, உண்மையச் சொல்லிடுறேன். அந்தச் சின்னப் பெட்டிய மட்டும் மாட்டிட்டா எல்லாம் சரியாயிரும்னு நான் சொல்ல மாட்டேன். அது ஒயரத்தான் காக்கும். ஆளக் காக்கணும்னா இந்தக் குழி வேணும். ஒயரு இரும்பத் தொட்டுட்டா கரண்டு இந்தக் குழிக்குள்ள ஓடும். ஓடுன உடனே அந்தப் பெட்டி விழுந்துரும். குழி காஞ்சா வேலைக்காகாது. தினம் தண்ணி ஊத்தணும். அது உங்க பொறுப்பு.”

“தண்ணிதானே அண்ணே. ஊத்துறேன்” என்றாள் அவள்.

பிறகு வெளியே மெயினை நிறுத்திவிட்டுப் பலகைக்கு வந்தார். பீங்கான் கட்டையைப் பிடுங்கினார். உள்ளே பந்தல் கம்பி, வைத்த அன்றைக்கு இருந்தது போலவே மினுமினுத்துக்கொண்டு இருந்தது. அதை எடுத்து மைத்துனர் கையில் கொடுத்தார்.

“இந்தாங்க. இதுல திராட்சக் கொடியக் கட்டுங்க. நல்லா காய்க்கும்.”

மைத்துனர் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். சிரிக்கவில்லை.

கட்டை இருந்த இடத்தில் கறுப்புப் பெட்டியைத் திருகி வைத்தார் பாய். ஒயர் நுனிகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து உள்ளே விட்டு, திருகாணியை முறுக்கி, ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பார்த்தார். வேலை அவ்வளவுதான். இத்தனை நாள் நான் பல்பு பல்பாக வாங்கித் தள்ளிப்போட்டது, ஒரு காப்பி குடிக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது. மெயினைப் போட்டார். பிரேக்கரை மேலே தள்ளினார். நின்றது. வீட்டுப் பல்பு எரிந்தது.

நாங்கள் எல்லோரும் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

‘டப்.’

விழுந்துவிட்டது. பாய் மேலே தள்ளினார். நின்றது. காப்பி டம்ளரைக் கையில் எடுத்தார். ‘டப்.’

மைத்துனருக்கு உயிர் வந்தது. “பாத்தீகளா மாமா! எங்கம்பி இத்தன வருசம் ஒரு நா விழுந்துச்சா? இது நிக்கவே மாட்டேங்குது. நோஞ்சான் பிள்ள மாதிரி.”

பாய் வீட்டு ஒயரையெல்லாம் தடவிப் பார்த்தார். மேலே தள்ளினார். கொஞ்ச நேரம் நின்றது. காரணம் தெரியாமல் திரும்பவும் விழுந்தது. பெட்டியே கோளாறோ என்று அவருக்கே சந்தேகம் வந்து, கடைக்குப் போய் வேறு எடுத்து வருவதாகச் சொன்னார். ஆடி கழிந்து ஆவணியிலாவது மகளை அழைத்து வரலாம் என்று எண்ணியிருந்தது இனி நடக்காது என்று நினைத்தேன்.

அப்போது என் மனைவி அடுக்களை வாசலிலிருந்து சொன்னாள்:

“தகரம் அசையிறப்பத்தான் விழுது.”

நாங்கள் திரும்பினோம்.

“காத்து வருது, தகரம் டங்குனு எந்திரிக்குது, அது விழுது. நான் பாத்துக்கிட்டே இருக்கேன். இப்பப் போடுங்க அண்ணே. நான் சொல்றேன்.”

பாய் தள்ளிவிட்டார். நின்றது. வெளியே தென்னைகள் அசையாமல் இருந்தன. பிறகு தூரத்தில், மேற்கே, வாழைத்தோட்டங்களில் இலைகள் கிழிகிற சத்தம் கேட்டது. அது தோட்டம் தோட்டமாக எங்களை நோக்கி வந்தது. எங்கள் தென்னைகள் தலை சாய்ந்தன. அவள் கையைத் தூக்கினாள்.

“இப்ப” என்றாள்.

சாய்ப்பின் தகரம் எழும்பி விழுந்தது. ‘டப்.’

பாய் ஏணியைத் தூக்கிக்கொண்டு சாய்ப்புக்கு ஓடினார். ஒயர் சுவரைத் துளைத்து வரும் இடத்தில், தகரத்தின் விளிம்புக்கு அடியில், ரப்பர் தேய்ந்து செம்பு தெரிந்தது. காற்று இல்லாதபோது தகரம் அதற்கு ஒரு விரல்கடை தள்ளி நிற்கும். காற்று தூக்கினால் போய்த் தொடும். துணிக்கொடியின் பழைய ஆணி அந்தத் தகரத்திலேயே துருப்பிடித்து இருந்தது. லைன்மேன் வந்த அன்று காற்று இல்லை.

பாய் ஏணியில் நின்றபடியே எங்களைப் பார்த்தார். என் மனைவி இத்தனை வருடமும் கால் வைக்காத சாய்ப்பின் ஓரம் வரைக்கும் வந்திருந்தாள்.

“அண்ணே, அன்னைக்கு என்னையப் பிடிச்சது இதுதானா?”

“இதேதான் தங்கச்சி.”

“அப்ப இத்தன நாளும் இங்கனதான் இருந்திருக்கு.”

“இருந்திருக்கு தங்கச்சி. நீங்க சொன்னதுதான் சரி.”

அவள் தன் தம்பியைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். அழுகிறாளோ என்று பயந்தேன். அழவில்லை. சுமையை இறக்கி வைத்துவிட்டு நிற்கிறவர்களின் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. மைத்துனர் பையிலிருந்த கம்பியை எடுத்து விரலில் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஏக்கா...” என்றார். “உள்ள போய் காப்பி குடிடா” என்றாள் அவள்.

பாய் அந்த ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, சுவருக்குள் குழாய் விட்டுப் புது ஒயர் இழுத்தார். பிரேக்கரை மேலே தள்ளினார். காற்று வந்தது. தகரம் தூக்கிப் போட்டது. நாங்கள் காத்திருந்தோம். பல்பு எரிந்துகொண்டே இருந்தது.

போகும்போது அவர் அவளிடம் சுவிட்சைத் தட்டிப் பார்க்கச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவள் தம்பி சொல்ல வாயெடுத்தார். பாய் அவர் தோளில் கை போட்டுப் பேசிக்கொண்டே வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதன்பின் நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஏனென்றால் ஒன்றும் நடக்கவில்லை. அவள் தினமும் காலையில் குழியில் தண்ணீர் ஊற்றினாள். வெள்ளிக்கிழமை தோறும் அந்த இரும்புக் குழாயின் வாயைத் தேய்த்துக் கழுவினாள். அந்த ஈரத்தில் ஒரு கனகாம்பரச் செடியை நட்டாள். உப்பு மண்ணில் அது பிடிக்காது என்றேன். கொஞ்சம் தள்ளி வைத்தாள், பிடித்துக்கொண்டது. காற்று வரும்போது வேலையை நிறுத்திவிட்டு, உள்ளே போய்ச் சுவரைப் பார்ப்பாள். அது விழாமல் நிற்கும். திரும்பி வருவாள். சில நேரம் நான் கவனிக்காதபோது அதனிடம் ஏதோ சொல்வதுபோலக்கூட இருந்தது. சாயங்காலத்தில் மட்டும் அதே சிம்னி விளக்கு. அதே வாசல்படி.

ஆடி முடியப் போகிற ஒரு நாள். தோட்டத்தில் கவாத்து வேலை. வெட்டிய கொடிகளை ஒதுக்கிவிட்டு வர நேரமாகிவிட்டது. வாய்க்கால் கரையில் வந்துகொண்டிருந்தேன். காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. மலை முழுதும் நீலமாகி, பிறகு இல்லாமலே போயிற்று. ஊர் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மஞ்சளாயின. நான் என் வீடு இருக்கும் பக்கம் பார்க்காமல்தான் வழக்கமாக நடப்பேன். அன்றும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தேன். தண்ணீரில் மஞ்சளாக ஒரு கோடு நடுங்கிக்கொண்டு கிடந்தது. அந்த இடத்தில் அதற்கு முன் அப்படி ஒரு கோடு கிடந்ததில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னலில் வெளிச்சம். கூடத்தில் வெளிச்சம். பின்பக்கம் சாய்ப்பிலும் வெளிச்சம். மகள்தான் வந்துவிட்டாளோ என்று ஓடினேன். வேட்டி தடுக்கியது. வாசலில் யாரும் இல்லை. உள்ளே போனேன். அலமாரி திறந்து கிடந்தது. என் பல்புகளில் ஒன்று அடுக்களையில் புதிதாக எரிந்தது. அங்கே எரிந்த பழைய பல்பு போய் வெகுநாளாகியிருந்தது. மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் சாய்ப்பில் விறகு எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

“வந்துட்டீகளா” என்றாள்.

“ம்” என்றேன்.

“அது விழுந்துருமோன்னு பாத்துக்கிட்டே தட்டுனேன். விழல.”

“ம்.”

“விழுந்தாலும் விழட்டும்னுதான் தட்டுனேன். அது விழுந்தா நமக்கு முன்னாடி அதுக்குத் தெரிஞ்சிருச்சுன்னு அர்த்தம்.” விறகை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். “நாளைக்கு உத்தமபாளையம் போவமா? நானே சம்பந்திகிட்டச் சொல்றேன்.”

நான் தலையாட்டினேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன். தொட்டித் தண்ணீரில் சாய்ப்பின் பல்பு மிதந்தது. மாடு அதைக் குடிக்கக் குடிக்க அது திரும்பத் திரும்ப வந்து சேர்ந்தது.

சம்பந்தியம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். ஆவணி முதல் வாரத்தில் அவர்களே மகளை அழைத்துக்கொண்டு வந்தார்கள். வந்தது நடுப்பகல். ஆனாலும் என் மனைவி முதலில் செய்த வேலை, கூடத்துச் சுவிட்சைத் தட்டிப் பல்பை எரியவிட்டதுதான். வெயிலில் அந்தப் பல்பு எரிவது சரியாகத் தெரியக்கூட இல்லை. சம்பந்தியம்மா அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு இருவரும் சிரித்துவிட்டார்கள். மகள் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பேத்தி இந்த வீட்டில்தான் பிறந்தாள். இப்போது ஓடியாடுகிறாள். ஆயுத பூஜைக்கு அரிவாளுக்கும் கவாத்துக் கத்தரிக்கும் பொட்டு வைக்கும்போது, அவள் பாட்டி அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, சுவரில் இருக்கிற கறுப்புப் பெட்டிக்கும் ஒரு சந்தனப் பொட்டு வைக்கச் சொல்கிறாள். மைத்துனர் தெருவில் தான் கட்டிய பந்தல் கம்பிகளையெல்லாம் ஒவ்வொரு வீடாகப் போய் அவிழ்த்தார். அதற்கும் மோர் கொடுத்தார்கள்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். நான் கேட்கவில்லை, கூப்பிடவில்லை, தலைக்கு மேல் பல்பு எரிகிறது. அவள் திரும்பி அடுக்களைக்குப் போகிறாள். இந்தத் தாளும் முடிகிறது. திருப்பிப் பார்த்தால் முன்பக்கத்தில் இன்றைய தேதி.

1988, ஆனி மாதம் 20-ம் தேதி.